கரையில்லாச் சேலை

மூன்றாம் நாள் ஒத்திகையில்தான் கண்டேன்.
ஒளிவட்டத்தின் ஓரத்தில்
மயிர் அகலத்துக்கு ஒரு நீலம்.
மண்ணெண்ணெய் அடுப்பில் திரி
அணையுமுன் ஒருதரம் நக்குமே, அந்த நீலம்.

முதலில் என் கண்ணாடியைச் சந்தேகித்தேன்.
ஆஸ்பத்திரி வீதியில் போன கிழமை எடுத்தது.
மைனஸ் ஏழரை, சோடாப் போத்தல் அடி.
போட்ட நாள் தொட்டு
மின்கம்பி, கதவு நிலை, பாதிரியாரின் அங்கி
எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் ஊதா, மறு பக்கம் மஞ்சள்.
கழற்றிப் பார்த்தேன்.
மேடை பஞ்சாய்ப் போனது.
பஞ்சின் ஓரத்திலும் நீலம் நின்றது.

ஏணியில் ஏறினேன்.
கொழும்பில் மூன்றாம் கையாய் வாங்கிய விளக்கு,
வயிற்றுக்குள் ஒற்றை வில்லை.
குழலை ஒரு நூல் முன்னுக்குத் தள்ள
நீலம் போனது.
போன இடத்தில்
பனம்பழச் சாறு பட்டதுபோல ஒரு செம்மஞ்சள்
வந்து குந்தியது.
பின்னுக்கு இழுக்க, அது போய் இது.
இரண்டும் இல்லாத இடம்
இரண்டுக்கும் நடுவில் இருக்கத்தானே வேணும்?
அரை மணித்தியாலம் தேடினேன்.
விரல் நுனி கொப்பளித்ததுதான் மிச்சம்.

"என்ன கறை அது?" எண்டார் கீழேயிருந்து
நெறியாளர் பத்திநாதன்.
"கறை இல்லை சேர், கரை."
அவருக்கு இரண்டும் ஒன்றாய்த்தான் கேட்டிருக்கும்.
"துடைச்சு விடும்."

துடைத்தேன். சாரத் தலைப்பால், பிறகு சேர்ட்டுக் கையால்.
வில்லை பளிச்சிட்டது.
நீலமும் பளிச்சிட்டது.

இறங்கி வந்து சொன்னேன்:
வெள்ளை தனி ஆள் இல்லை சேர்.
ஏழெட்டுப் பேர் நெருக்கியடிச்சு வருகினம்,
பருத்தித்துறை மினிபஸ் மாதிரி.
நடுவில நிக்கிறவையைத் தெரியாது,
வாசல்ல தொங்கிற ரெண்டு பேரைத் தெரியும்.
"அப்ப அவையை உள்ளுக்கு ஏறச் சொல்லும்"
எண்டுவிட்டுத் தேத்தண்ணிக்குப் போனார்.

அவர் கவலை வேறு.
கடலுக்குப் புருஷனைக் குடுத்த ஒருத்தியின் கதை.
அவளாக வாறவள் டெலிசியா, வங்கியில் காசாளர்.
அவளுக்குக் கரை போடாத வெள்ளைச் சேலைதான் வேணும் எண்டு
பெரிய கடையில் மூன்று படி ஏறி இறங்கியிருந்தார்.
ஓரத்தில் ஒரு நூல் நிறம் ஓடினாலும்
நாடகம் பொய்யாய்ப் போய்விடுமாம்.

குருநகர்ப் பங்கு மண்டபம். சனிக்கிழமை இரவு.
கதிரை போதாமல் யன்னலில் பெடியள்.
டெலிசியா நிற்க வேண்டிய சுண்ணக்கட்டிப் புள்ளியை
முதல் காட்சிப் படைவீரர்கள் மிதித்து அழித்திருந்தார்கள்.
அவள் ஒரு முழம் தள்ளி நின்றாள்,
பாதி உடம்பு வெளிச்சத்தில், பாதி இல்லை.

விளக்கைத் திருப்பியிருக்கலாம்.
கை பிடியில்தான் இருந்தது.

அவளுடைய தோளில் தொடங்கி
கொசுவத்தின் மடிப்புக்குள் ஒளித்து, வெளிக்கிட்டு,
கால் விரல் வரைக்கும்
அந்த நீலம் இறங்கிக்கொண்டிருந்தது.
அவள் மூச்சு விட அதுவும் அசைந்தது.
பின்னால் திரைச்சீலையில் நாங்கள் கீறிய கடல்
சாம்பல் நிறமாய்க் கிடந்தது.
நீலப் பெயின்ற் வாங்கக் காசு காணவில்லை.

முடிந்தபிறகு
ரோல்ஸ் தட்டு வைத்த மேசையடியில்
ஒரு அம்மா டெலிசியாவின் கையைப் பிடித்தார்.
"பிள்ளை, இந்த நீலக்கரைச் சேலை எங்கை எடுத்தது?"
டெலிசியா குனிந்து பார்த்தாள்.
ரியூப்லைட்டின் கீழே மொட்டை வெள்ளை.
"இதுக்குக் கரை இல்லை அன்ரி."
"இருந்தது பிள்ளை. நான் முன் வரிசை."

அவள் நிமிர்ந்து என்னைத் தேடினாள்.
நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்,
முழங்கையில் சுற்றி, அவிழ்த்து, திரும்பச் சுற்றி.
"அண்ணை, அந்தப் புள்ளி அழிஞ்சு போச்சு" எண்டாள்.
"ஓம்" எண்டன்.
"நாளைக்கு எங்கை நிக்கிறது?"

சட்டைப்பைக்குள் சுண்ணக்கட்டி கிடந்தது.
எடுக்கவில்லை.